ஆம்பூர் ஓபனும் ஜம்புலிங்கத்தின் கண்ணும்

ஆம்பூரில் உலக டென்னிஸ் பந்தயம் நடந்தது என்று இன்றைக்குச் சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். பிரியாணிப் பந்தயமா என்று கேட்பார்கள். கேட்கட்டும், நடந்தது நடந்ததுதான். 1997 முதல் 2003 வரை, வருடம் தவறாமல் ஏழு தடவை, பொங்கல் கழிந்த மறுவாரம், பாலாற்றங்கரை கிளப்பின் நான்கு செம்மண் கோர்ட்டுகளில் ஆம்பூர் ஓபன் நடந்தது. டிவியில் காட்டுகிற பெரிய பந்தயங்கள் முதல் வரிசை என்றால் இது அதற்கு அடுத்த வரிசை. இந்த வரிசையில் முட்டி மோதி ஜெயித்தால்தான் ஒருவன் அந்த வரிசைக்குப் போக முடியும். அதனால் அர்ஜென்டினாவிலிருந்தும் உஸ்பெகிஸ்தானிலிருந்தும் இளைஞர்கள் முதுகில் ஆறு மட்டையைச் சுமந்துகொண்டு ஆம்பூர் ஸ்டேஷனில் வந்து இறங்கினார்கள். முதல் நாள் மூக்கைப் பொத்திக்கொண்டு நடப்பார்கள். மூன்றாம் நாள், தோல் வாடை எங்கே போயிற்று என்று அவர்களே கேட்பார்கள். வாடை எங்கேயும் போகவில்லை, அவர்கள் மூக்குதான் ஊர் மூக்காகியிருக்கும்.

பந்தயத்தை ஊருக்கு இழுத்து வந்தவர் முஜாஹித் பாய். தோல் கம்பெனி முதலாளி, கிளப் செயலாளர், டென்னிஸ் பைத்தியம். நாற்காலி அம்பயர், ரெஃப்ரி எல்லாம் வெளியூரிலிருந்து வந்துவிடுவார்கள். ஆனால் பந்து கோட்டுக்கு உள்ளே விழுந்ததா வெளியே விழுந்ததா என்று சொல்வதற்கே ஒரு கோர்ட்டுக்கு ஏழு பேர் வேண்டும். சென்னையில் கேட்டுப் பார்த்தார். ஆம்பூரா, பத்து நாளா என்று இழுத்தார்கள். பாய்க்குக் கோபம் வந்துவிட்டது.

"அவங்ககிட்ட ஏன்யா கெஞ்சணும்? நம்ம செலக்ஷன் ஆளுங்க கண்ணுக்கு எவன் வருவான்? உண்ணி கடிச்ச வடு கடுகு அளவு இருந்தாலும் தள்ளி நின்னே சொல்லுவானுங்க. பந்து எம்மாம் பெருசு!"

செலக்ஷன் ஆள் என்றால் வேறொன்றுமில்லை. பதனிட்ட தோலை மேஜையில் விரித்து, இது முதல் தரம், இது இரண்டாம் தரம், இது தள்ளுபடி என்று பிரிக்கிறவர். முள் கீறல், உண்ணிக் கடி, சூட்டுத் தழும்பு, எதுவும் அந்தக் கண்ணுக்குத் தப்பாது. ஊரிலிருந்த கம்பெனிகளிலெல்லாம் அலசி முப்பது பேரைப் பொறுக்கினார்கள். சென்னையிலிருந்து ஒரு பயிற்சியாளர் வந்து பத்து நாள் பாடம் எடுத்தார். கையைப் பக்கவாட்டில் நீட்டினால் அவுட், கைகளைக் கீழே தாழ்த்தினால் உள்ளே. நீட்டியது தப்பு என்று தெரிந்தால் உடனே "கரெக்ஷன்" என்று சொல்ல வேண்டும். இவ்வளவுதான் வேலை. முதல் வருடமே வெளிநாட்டு ரெஃப்ரி அசந்து போய், இப்படிப்பட்ட கண்களை நான் எங்கேயும் பார்த்ததில்லை என்று கைப்பட எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்.

அந்த முப்பது பேரில் முதல் ஆள் ஜம்புலிங்கம். காவேரிப்பாக்கத்து விவசாயக் குடும்பம். பத்தொன்பது வயதில் முஜாஹித் பாய் கம்பெனிக்கு வந்தவர். ஏழு வருடப் பந்தயத்தில் அவர் சொன்ன ஒரு முடிவைக்கூட நாற்காலி அம்பயர் மாற்றியதில்லை. மார்க் பார்க்கச் சொல்லி ஆட்டக்காரர்கள் எகிறிக் குதித்தபோதும், அம்பயர் இறங்கி வந்து செம்மண்ணில் பதிந்த தடத்தைப் பார்த்துவிட்டு ஜம்புலிங்கம் பக்கம்தான் தலையாட்டியிருக்கிறார். பிறகு ஊரில் அது ஒரு பேச்சாகவே ஆகிவிட்டது. சீட்டாட்டத்தில் தகராறு வந்தால், தராசு முள்ளில் சண்டை வந்தால், "நீ இன்னா, ஜம்பு கண்ணால பாத்தியா?" என்பார்கள்.

இப்போது அவருக்கு ஐம்பத்தொன்பது வயது. முஜாஹித் பாய் காலமாகி நான்கு வருடம் ஆகிறது. கம்பெனியைப் பார்த்துக்கொள்வது அவர் மகள் ஜோயா. போன வெள்ளிக்கிழமை மத்தியானம் அவள் கையில் காகிதக் கட்டோடு செலக்ஷன் ஹாலுக்கு வந்தாள்.

"ஜம்பு அங்கிள், கிளப்போட அறுபதாவது வருசத்துக்கு புக்கு போடறேன்னு சொன்னேன் இல்ல? ஆம்பூர் ஓபனுக்கு மட்டும் பதினாறு பக்கம். உங்கள பத்தி வர்றத படிக்கறேன், கேளுங்க."

ஜம்புலிங்கம் கையிலிருந்த ஆட்டுத் தோலை மேஜையில் வைத்தார். அவள் படித்தாள். "2003 இறுதி ஆட்டத்தில் நம் நாட்றம்பள்ளி வீரர் தமிழ்வேந்தன் பட்டத்துக்கு ஒரே ஒரு புள்ளி தூரத்தில் நின்றார். அவர் அடித்த பந்து நூலிழை தள்ளிக் கோட்டுக்கு வெளியே விழுந்தது. நம் பக்கத்துப் பிள்ளை என்றும் பாராமல் அவுட் என்று கை நீட்டினார் ஜம்புலிங்கம். ஆம்பூரின் கண்ணுக்கும் நேர்மைக்கும் அதைவிடச் சான்று வேண்டியதில்லை."

"எப்டி இருக்குது அங்கிள்?"

"நல்லா இருக்குது பாப்பா" என்றார் ஜம்புலிங்கம்.

"திங்கக்கெழம பிரஸ்ஸுக்குப் போவுது. எதுனா தப்பு இருந்தா அதுக்குள்ள சொல்லிடுங்க." மேஜையருகே அவரை நிற்க வைத்து ஒரு போட்டோவும் எடுத்துக்கொண்டு போனாள்.

தப்பு இருந்தது. அது தப்பு என்று தெரிந்தவர்கள் உலகத்தில் இரண்டே பேர். ஒருவர் ஸ்லோவேனியாவில் எங்கேயோ இருக்கிறார். இன்னொருவர் அன்று சாயங்காலம் வரைக்கும் தோலைப் புரட்டிக்கொண்டே நின்றார், ஒன்றையும் பிரிக்கவில்லை.

நடந்தது இதுதான். தமிழ்வேந்தனுக்கு அப்போது இருபத்தொரு வயது. அவன் அப்பா சின்னசாமி அதே கம்பெனியில், தோலை உருட்டிப் பதனிடும் டிரம் செக்ஷனில் வேலை பார்த்தவர். நம் பக்கத்து ஆள் என்று பந்தயத்தில் அவனுக்கு ஒரு இடம் கொடுத்தார்கள். முதல் சுற்றிலேயே மூட்டையைக் கட்டுவான் என்று நினைத்தார்கள். அவன் என்னடாவென்றால் ஒவ்வொருவனாகச் சாய்த்துக்கொண்டே வந்து பைனலில் நின்றான். அவனிடம் ஒரு ஃபோர்ஹேண்ட் இருந்தது. நெடுக்குக் கோட்டை ஒட்டி, உரசுகிறதோ இல்லையோ என்கிற மாதிரி போகும். எதிராளி பார்த்துக்கொண்டு நிற்பதைத் தவிர வேறு வழியில்லை. பைனல் அன்று மூன்று ஷிஃப்டையும் நிறுத்திவிட்டு ஆம்பூர் கம்பெனிகள் கிளப்புக்கு வந்துவிட்டன. மரத்தில் ஆள், மதிலில் ஆள், கக்கூஸ் கூரையிலும் ஆள்.

மூன்றாவது செட். ஆறுக்கு ஐந்து, நாற்பதுக்கு முப்பது, சர்வீஸ் தமிழ்வேந்தன் கையில். இன்னும் ஒரு புள்ளி எடுத்தால் பட்டம். பந்து நாலைந்து தடவை போய் வந்தது. பிறகு அவன் அந்த ஃபோர்ஹேண்டை அடித்தான். எதிரே ஆடிய ஸ்லோவேனியாக்காரன் ஓடக்கூட இல்லை. பந்து வந்து விழுந்த நெடுக்குக் கோட்டின் நேரே நாற்காலியில் உட்கார்ந்திருந்தது ஜம்புலிங்கம்.

அவர் பார்த்தது புழுதியை. பந்தைப் பார்த்தார், புழுதியைப் பார்த்தார், இரண்டுக்கும் நடுவில் கோட்டை மட்டும் சரியாகப் பார்க்கவில்லை. ஆயிரத்தில் ஒரு தடவை அப்படி ஆகும். ஆகும்போது என்ன செய்ய வேண்டும் என்று சென்னைக்காரர் பத்து நாளும் தலையில் அடித்துச் சொல்லியிருந்தார். வெளியே விழுந்ததைத் தெளிவாகப் பார்க்காவிட்டால் அது உள்ளே. சந்தேகத்தின் பலன் அடித்தவனுக்கு. ஆனால் செலக்ஷன் மேஜையில் பாடம் நேர் எதிர். சந்தேகமா, தள்ளு. முதல் தரக் கட்டில் ஒரு சொத்தைத் தோல் கலந்துவிட்டால் வெளிநாட்டுக்காரன் கன்டெய்னரையே திருப்பி அனுப்பிவிடுவான். பதினெட்டு வருடம், நாளைக்கு நானூறு தோல், சந்தேகம் வந்ததையெல்லாம் வலது பக்கம் தள்ளித் தள்ளிப் பழகிய கை அது. யோசிப்பதற்குள் நீண்டுவிட்டது.

"அவுட்!"

அடுத்த நொடியே புழுதி அடங்கியது. தடம் தெரிந்தது. கோடாகப் பதித்திருந்த வெள்ளை நாடாவோடு ஒட்டிக்கொண்டு, நடுவில் நூல் அளவு இடைவெளிகூட இல்லாமல், பளிச்சென்று தெரிந்தது. பந்து உள்ளே. தமிழ்வேந்தன் சாம்பியன். "கரெக்ஷன்" என்று ஒரே ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஜம்புலிங்கம் வாயைத் திறந்தார். ஏழு வருடத்தில் ஒரு தடவைகூட அவர் அந்த வார்த்தையைச் சொன்னதில்லை. ஊரே உட்கார்ந்திருக்கிறது, முஜாஹித் பாய் முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். திறந்த வாயை மூடிக்கொண்டார்.

மார்க் கேளு, மார்க் கேளு என்று கூட்டம் கத்தியது. தமிழ்வேந்தன் கேட்டால் அம்பயர் இறங்கி வந்து பார்ப்பார், அத்தோடு முடிந்தது விஷயம். கேட்பான், கேட்டுவிடுவான், கேட்டுத் தொலைடா என்று ஜம்புலிங்கம் மனசுக்குள் கும்பிட்டார். அவன் ஒரு தடவை அவர் முகத்தைப் பார்த்தான். தலையை ஆட்டிக்கொண்டு திரும்பிப் போய்விட்டான். ஸ்லோவேனியாக்காரன் தடத்தைப் பார்த்தான், பார்த்துவிட்டுக் காலால் தேய்த்தான். அப்புறம் என்ன, அந்த கேம் போயிற்று, டை-பிரேக் போயிற்று, கப்பும் போயிற்று.

அடுத்த வருடம் பந்தயமே இல்லை. மேலிடத்தில் விதிகளை மாற்றினார்கள், பரிசுத் தொகையை ஏற்றினார்கள், தோல் தொழிலுக்கும் அப்போது கஷ்ட காலம். முஜாஹித் பாய் இரண்டு வருடம் அலைந்து பார்த்துவிட்டு விட்டுவிட்டார். தமிழ்வேந்தனும் மேலே வரவில்லை. இப்போது நாட்றம்பள்ளியில் ஒரு பள்ளிக்கூடத்துக் கோர்ட்டில் பிள்ளைகளுக்குச் சொல்லித் தருகிறான்.

சனிக்கிழமை காலை சோற்றைப் பிசைந்துகொண்டே உட்கார்ந்திருந்த புருஷனைக் கமலவேணி கொஞ்ச நேரம் பார்த்தாள். "இன்னாங்க, சோத்துலயும் செலக்ஷன் நடக்குதா?" என்றாள்.

அவர் சொல்லிவிட்டார். இருபத்திரண்டு வருடம் சொல்லாததை, குழம்பு ஆறுவதற்குள் முழுக்கச் சொல்லி முடித்தார். கமலவேணி கரண்டியைக் கீழே வைத்தாள்.

"அடப்பாவி மனுசா! அந்தப் புள்ள வாழ்க்கை ஆச்சே!"

"பேரு போயிடும்னு பயந்துட்டேன் கமலா."

"இப்ப மட்டும் போவாதா? ஊர் சும்மா வுடுமா? கம்பெனில உன் கண்ண நம்பி யாரு தோல் தருவாங்க?" கோபம் வந்தால் அவளுக்கு நீங்க நீ ஆகிவிடும்.

"போவும்தான்."

அவள் எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தாள். "புக்குக்காரிகிட்ட சொல்றதுக்கு முன்னாடி அந்தப் புள்ளகிட்ட சொல்லு. அதான் மொறை. அவன் அடிச்சா வாங்கிக்க" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை வாணியம்பாடியில் பஸ் மாறி அவர் நாட்றம்பள்ளி போய்ச் சேர்ந்தபோது மணி பத்தரை. வகுப்பு முடிந்து பிள்ளைகள் போய்விட்டிருந்தார்கள். தமிழ்வேந்தன் தனியாக ரோலரை இழுத்துக்கொண்டிருந்தான். லேசாகத் தொப்பை போட்டிருந்தது, காதோரம் நரைத்திருந்தது. அவரைப் பார்த்ததும் ரோலரை விட்டுவிட்டு ஓடி வந்தான்.

"அண்ணா! இன்னாண்ணா இவ்ளோ தூரம்? ஒரு போன் பண்ணியிருந்தா நானே வந்திருப்பேனே."

பெஞ்சில் உட்கார வைத்தான். டீ வாங்கி வரப் போனவனை அவர் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"டீ எல்லாம் அப்பறம். தமிழு, ஜோயா பாப்பா புக்கு போடுதே, தெரியுமா?"

"தெரியும்ணா. போட்டோ கேட்டுச்சு. தோத்தவன் போட்டோ எதுக்கும்மான்னேன்."

"நீ தோக்கல." ஜம்புலிங்கம் தரையைப் பார்த்தபடி சொன்னார். "அந்தப் பந்து உள்ளதான் விழுந்துச்சு. கோட்ட தொட்டுச்சு. நான் பாத்தேன்."

தமிழ்வேந்தன் சிரிக்கவா வேண்டாமா என்பது போல முழித்தான். "எப்ப பாத்தீங்க?"

"கைய நீட்டன அடுத்த செகண்டு."

"அப்ப கரெக்ஷன் சொல்லியிருக்கலாமே."

"சொல்லியிருக்கலாம். வாய் வர்ல. ஒரு தபா கூட மாத்தி சொன்னதில்ல, அந்தப் பேரு போயிடுமேன்னு சும்மா இருந்துட்டேன். நீ மார்க் கேப்பன்னு பாத்தேன், நீயும் கேக்கல."

தமிழ்வேந்தன் பெஞ்சில் அவர் பக்கத்தில் உட்கார்ந்தான்.

"நான் ஏன் கேக்கலன்னு தெரியுமாண்ணா?"

"பதட்டத்துல மறந்துட்டன்னு ஊர்ல சொல்லுவாங்க."

"மறக்கல. அடிச்சப்பவே உள்ளன்னுதான் தோணுச்சு. திரும்பிப் பாத்தா எங்கப்பா எதிர்ல உக்காந்திருக்காரு. எல்லாரும் மார்க் கேளுன்னு கத்தறாங்க, அவரு மட்டும் கத்தல. வேணாம்னு தலைய ஆட்டறாரு. ஏன்னா கைய நீட்டனது நீங்க. தெனம் தோல கொண்டாந்து உங்க மேஜையில போட்டவரு அவரு. ஜம்பு தள்ளுச்சுன்னா தள்ளுனதுதான், அதுக்கு மேல பேச்சு இல்லன்னு வூட்ல நூறு தபா சொல்லியிருக்காரு. வேற எவனாச்சும் நீட்டியிருந்தா நான் கோர்ட்ட ரெண்டு பண்ணியிருப்பேன். உங்களப் போயி எப்டிண்ணா சந்தேகப்படறது?"

ஜம்புலிங்கம் திட்டுக்குத் தயாராக வந்திருந்தார், அடிக்கும் தயாராக வந்திருந்தார். இதற்குத் தயாராக வரவில்லை.

"நீங்க அவுட்டுன்னா அவுட்டு. அப்டின்னா தப்பு என் கையிலதான்னு முடிவு பண்ணேன்" என்று தமிழ்வேந்தன் தொடர்ந்தான். "பெரிய பாயிண்ட்டுல என் ஃபோர்ஹேண்டு வெளிய போவுதுன்னு பெங்களூர்ல ஒரு கோச்ச புடிச்சேன். மட்டைய புடிக்கற புடியையே மாத்துனேன். தெனம் ஆறு மணி நேரம், எட்டு மாசம். என்கிட்ட இருந்தது அந்த ஒரே அடிதாண்ணா. நல்லா இருந்தத கழட்டிப் போட்டுட்டேன். அப்பறம் அது திரும்பி வரவே இல்ல. ரெண்டு வருசத்துல வூட்டுக்கு வந்துட்டேன். அப்பாவும் கடைசி வரைக்கும் சொல்லிக்கினே இருந்தாரு, கொஞ்சம் உள்ள தள்ளி அடிச்சிருக்கலாம்டான்னு."

ஜம்புலிங்கம் அழுதார். துண்டால் முகத்தை மூடிக்கொண்டு, தோள் குலுங்கக் குலுங்க அழுதார். தமிழ்வேந்தன் அவரைத் தொட்டுச் சமாதானம் சொல்லவில்லை, எழுந்து போகவும் இல்லை.

"தப்புதாண்ணா" என்றான், குரலை உயர்த்தாமல். "சின்ன தப்பு இல்ல. உங்கள திட்டணும்னுதான் இருக்குது, வாயில வர மாட்டேங்குது. நாளைக்கு வரும்னு நெனைக்கறேன்."

"எப்ப வந்தாலும் போன் பண்ணி திட்டு. எடுக்கறேன்."

முகத்தைத் துடைத்துக்கொண்டு அவர் அங்கேயே உட்கார்ந்தபடி ஜோயாவுக்குப் போன் செய்தார். சுற்றி வளைக்கவில்லை. பந்து உள்ளே விழுந்தது, நான் தப்பாகச் சொன்னேன், தெரிந்தும் மாற்றவில்லை, அப்படியே எழுது என்றார்.

"அங்கிள், நல்லா யோசிச்சுக்கோங்க. இது அச்சுல வந்துடுச்சுன்னா உங்க பேரு..."

"பேரு அன்னிக்கே போயிடுச்சு பாப்பா. ஊருக்குத்தான் இப்ப தெரியப் போவுது."

"லிஸ்ட்டுல சாம்பியன் பேர மாத்த முடியாது அங்கிள். அது அந்த ஸ்லோவேனியாக்காரர் பேர்லதான் இருக்கும்."

"அது தெரியும். அதுக்குக் கீழ இத போடு. என் போட்டோவ எடுத்துடு."

போனை வைத்தபோது தமிழ்வேந்தன் பெஞ்சில் இல்லை. கோர்ட்டின் அந்தக் கோடியில் மட்டையோடு நின்றிருந்தான். காலருகில் ஒரு கூடை நிறைய டென்னிஸ் பந்துகள் இருந்தன.

"அண்ணா, அந்த சைடு கோட்டுகிட்ட போயி நில்லுங்க" என்று கத்தினான்.

அவர் போய் நின்றார். அவன் பந்தைக் கீழே தட்டி ஃபோர்ஹேண்ட் அடித்தான். பந்து கோட்டுக்கு இரண்டு அடி உள்ளே விழுந்தது. இன்னொன்று அடித்தான், அதுவும் அதே இடம். பிடியைப் பழையபடி மாற்றிப் பிடித்துக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு அடித்தான். பத்து, பதினைந்து, இருபது பந்து. எல்லாம் பத்திரமாக, ஒழுங்காக, இரண்டு அடி உள்ளே. கூடை காலியானதும் மட்டையைத் தரையில் ஊன்றி நின்றான். அவனுக்கு மூச்சு வாங்கியது.

"அன்னிக்கு அடிச்சது உள்ளன்னு தெரியுது, கோட்டுகிட்ட அடிச்சாலும் வெளிய போவாதுன்னு தெரியுது. ஆனா அந்தப் பக்கம் கை போவ மாட்டேங்குதுண்ணா" என்றான். "பசங்களுக்கும் இப்டியேதான் சொல்லிக் குடுத்திருக்கேன். கோட்டுக்கு ரெண்டடி உள்ள அடிங்கடான்னு. எல்லாப் பசங்களும் இப்டியேதான் அடிக்கறானுங்க."

ஜம்புலிங்கம் குனிந்து பந்துகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கினார். வேட்டி மடியில் கட்டிக்கொண்டு நெட் வரைக்கும் நடந்து வந்து, கோட்டைக் கையால் காட்டிவிட்டு, ஒரு பந்தை எடுத்து அவன் ஃபோர்ஹேண்ட் பக்கமாகப் போட்டார்.